பரீட்சை முடியும் வரை

கண்ணு என்றும் சாமி என்றும் அல்லாமல் ஒருநாளும் என்னைப் பேர்சொல்லிக் கூப்பிடாத என் பாவாயிப் பெரியம்மாவுக்கு,

நான் வந்துவிட்டேன். வந்து ஒன்பது நாள் ஆகிறது. உங்கள் சமையல்கட்டில், ஜன்னலோரம் நீங்கள் சாமை புடைக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். வெளியே காப்பிப் பழம் பறிக்கிறார்கள். மேட்டுக் காட்டில் பெண்கள் பேசிச் சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. இந்த வருஷம் காய்ப்பு நல்ல காய்ப்பு என்று பெரியப்பா சொன்னார். சொல்லிவிட்டு, அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அந்த ஆள் இல்லையே என்பதுபோல அடுப்புப் பக்கம் பார்த்தார்.

உங்களுக்குப் படிக்கத் தெரியாது. நீங்கள் உயிரோடு இருந்த காலத்தில் உங்களுக்கென்று நான் ஒரு வரி எழுதியதில்லை. பெரியப்பாவுக்கு எழுதும்போது, கடைசியில் ‘பெரியம்மாவுக்கும் செல்லத்துக்கும் சொல்லவும்’ என்று போடுவேன். என்ன சொல்ல வேண்டும் என்று போடமாட்டேன். படிக்கத் தெரியாதவருக்கு எப்படி எழுதுவது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். இப்போது இறந்துபோனவருக்கு எழுதுகிறேன். என்ன மனுஷி நான்?

இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டுமில்லை பெரியம்மா. ஊரும் கேட்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

நான் முதன்முதலாக இந்த வீட்டுக்கு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். எனக்குப் பதின்மூன்று வயது. மலேயாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் அப்பா கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு தமிழ் முடிந்துவிட்டது. அப்பாவும் பெரியப்பாவும் சேலத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அப்பா கப்பலேறினார், பெரியப்பா மலையேறி வெள்ளைக்காரத் துரையின் காப்பி எஸ்டேட்டில் ரைட்டர் ஆனார். ஏற்காட்டில் பெண்பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, உன் மகளை எங்கள் வீட்டுக்கு அனுப்பு என்று பெரியப்பா எழுதினார். உங்களைக் கேட்டுக்கொண்டுதான் எழுதினாரா என்று நான் பின்னால் ஒருதரம் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். கேட்கவில்லையாம். கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்துதான் சொன்னாராம்.

கப்பலில் ஏழு நாள், பிறகு ரயில், பிறகு மலைப்பாதையில் பஸ். ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி நின்றபோது பனி என் கையையே மறைத்தது. ரப்பர் காட்டுப் புழுக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது ஏதோ புகை என்று தோன்றியது. எங்கே தீப்பிடித்திருக்கிறது என்று கேட்டேன். இடுப்பில் செல்லத்தை வைத்துக்கொண்டு நீங்கள் நின்றிருந்தீர்கள். செல்லம் அப்போது கைக்குழந்தை. நீங்கள் சிரிக்கவில்லை. குழந்தையைப் பெரியப்பா கையில் கொடுத்துவிட்டு, உங்கள் தோளில் கிடந்த கம்பளியை எடுத்து என் தலையோடு சேர்த்துப் போர்த்தி, "நெருப்புமில்ல ஒண்ணுமில்ல கண்ணு, மேகம். நம்மூட்டுக்குள்ளயும் வரும், பயந்துக்காத" என்றீர்கள்.

அந்தப் பேச்சில் பாதிதான் எனக்குப் புரிந்தது. நொம்ப என்றால் ரொம்ப, ஊடு என்றால் வீடு என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாசம் ஆயிற்று. நான் பேசியது உங்களுக்கும் புரியவில்லை. மலாய்க்காரர் வார்த்தையும் எங்கள் தோட்டத்துத் தமிழும் கலந்து நான் கேட்ட சாமானைத் தேடி நீங்கள் அறை அறையாகப் போய்வருவீர்கள். ஒருதரம் நான் கேட்டது உப்பு. நீங்கள் கொண்டுவந்தது விளக்குமாறு. எப்படி அப்படி ஆயிற்று என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

கேழ்வரகுக் களி என் தொண்டையில் இறங்காது. சோறு கிடைக்கிற நாளில் எனக்கு மட்டும் சோறு வைப்பீர்கள். மூன்றாம் வாரம் நான் வைராக்கியமாகக் களியை உருட்டி விழுங்கியபோது நீங்கள் பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தீர்கள், நம்ம புள்ள களி தின்னுருச்சுன்னு. பள்ளிக்கூடத்துக்கு மூன்று மைல் நடை. மழைக்காலத்தில் அட்டை ஏறும். உப்பும் புகையிலையும் சேர்த்துக் கட்டிய துணி முடிச்சை என் காலில் தேய்த்துவிட்டுத்தான் வாசலைத் தாண்ட விடுவீர்கள். இங்கிலீஷில் நான் சத்தம் போட்டுப் பாடம் படிக்கும்போது காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டே கேட்பீர்கள். ஒரு எழுத்தும் தெரியாமலே, "நேத்து இந்த எடத்துல வேற மாதிரி சொன்னியே" என்று பிடித்துவிடுவீர்கள். பலதரம் நீங்கள் சொன்னதுதான் சரியாக இருந்தது.

அம்மாவிடமிருந்து மாசம் ஒரு கடிதம் வரும். நான் உங்களுக்கு வாசித்துக் காட்டுவேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எழுது கண்ணு, உங்க மவ முடிக்கு நல்லெண்ணெய்தான் வெக்கறேன், பேன் இல்லீங்கன்னு எழுது" என்பீர்கள். அம்மா உங்களைப் பார்த்ததில்லை. நீங்கள் அம்மாவைப் பார்த்ததில்லை. இரண்டு பேரும் என் தலைமுடியைப் பற்றி மூன்றரை வருஷம் பேசிக்கொண்டீர்கள்.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் மலேயாவுக்குள் இறங்கிவிட்டான் என்று துரை பங்களா ரேடியோவில் கேட்டுவிட்டுப் பெரியப்பா வந்து சொன்னார். அதோடு கடிதம் நின்றது. பொங்கலும் போயிற்று. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தபாலாபீசுக்குள் தலையை நீட்டுவேன். போஸ்ட் மாஸ்டர் வாயைத் திறக்கமாட்டார், தலையைத்தான் ஆட்டுவார். பங்குனியில் எனக்குக் கடைசிப் பரீட்சை. அதில் தேறினால்தான் ஆசிரியைப் பயிற்சிக்குப் போகலாம். நான் டீச்சராக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. நான் புத்தகத்தைத் திறப்பேன். எழுத்து கண்ணில் நிற்காது. நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "சத்தமாப் படி சாமி, நான் கேக்கறேன்" என்பீர்கள்.

தை முடிகிற சமயத்தில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். உங்கள் முகம் வீங்கியிருந்தது. பச்சை மிளகாயை அரைத்த கையால் கண்ணைத் தேய்த்துவிட்டேன் என்றீர்கள். நம்பிவிட்டேன். அன்றிலிருந்து நீங்கள் பூ வைப்பதை விட்டுவிட்டீர்கள், அதையும் நான் கவனித்தேன். தலைவலி என்றீர்கள். அதையும் நம்பினேன்.

நாலைந்து நாள் கழித்து, "உங்கம்மாவுக்கு என்ன சாமி நொம்பப் புடிக்கும்? தின்னறதுக்கு?" என்று கேட்டீர்கள். எனக்கு ஒரே சந்தோஷம். அம்மாவைப் பற்றிப் பேச யாராவது கேட்டார்களே என்று. காய்ந்த இறாலை மிளகாயோடு இடித்து எலுமிச்சம்பழம் பிழிந்து அம்மா ஒரு சம்பல் செய்வாள், அது இருந்தால் வேறு எதுவும் வேண்டாம், வாசனை பக்கத்துத் தோட்டம் வரைக்கும் போகும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். கருவாட்டு நாற்றம் பட்டாலே குமட்டுகிற ஆள் நீங்கள். சேலம் சந்தைக்குப் போகிற வண்டியில் சொல்லிவிட்டு அந்தக் காய்ந்த இறாலை வரவழைத்தீர்கள். மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு உரலில் இடித்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என்னைத் தலைக்கு ஊற்றிக்கொண்டு வரச் சொல்லி, கொல்லையில் பலாமரத்தடியில் இலை போட்டு, சோறும் அந்தச் சம்பலும் வைத்தீர்கள். என்னை விழுந்து கும்பிடச் சொன்னீர்கள். யாருக்குப் பெரியம்மா என்று கேட்டேன். "எங்கம்மாவுக்குப் படைக்கறேன் கண்ணு" என்றீர்கள். உங்கள் அம்மாவுக்கு எதற்கு எங்கள் ஊர்ச் சம்பல் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காக்கை வந்து எடுத்தது. நான் கைதட்டினேன். பிறகு உள்ளே போய் அந்தச் சம்பலை மூன்றுதரம் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். நீங்கள் எனக்கு எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பரீட்சை சேலத்தில். பெரியப்பாவின் உறவுக்காரர் வீட்டில் தங்கி எழுதினேன். கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் பஸ் ஏறி வந்தேன். நல்லா எழுதியிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. நீங்கள் பஸ் நிற்கிற இடத்துக்கே வந்து காத்திருந்தீர்கள். எப்படி எழுதினாய் என்று கேட்டீர்கள். சொன்னேன். எஸ்டேட் பாதையில் காப்பிச் செடி பூராவும் பூத்துக் கிடந்தது. மலேயாவில் நான் பார்க்காத பூ. ஒவ்வொரு வருஷமும் அதைப் பார்த்து நான் கத்துவேன், அன்றைக்கும் கத்தினேன். நீங்கள் பாதி வழியில் நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஏஞ்சாமி, உங்கம்மா தவறிட்டாங்க" என்றீர்கள்.

ஈப்போ கடைத்தெருவில் குண்டு போட்டபோது அம்மா அங்கே நின்றிருந்தாள் என்றீர்கள். வேதனைப்படவில்லையாம், உடனே போய்விட்டதாம். அப்பா உயிரோடு இருக்கிறார் என்றீர்கள். பக்கத்துத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் கடைசிக் கப்பலில் தப்பி வந்து, தை மாசமே மலையேறி வந்து சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னீர்கள். எதையும் சுற்றி வளைக்கவில்லை. அம்மா எப்போது செத்தாள் என்று கேட்டேன். மார்கழியில் என்றீர்கள். நான் விரல்விட்டு எண்ணினேன். பொங்கலுக்கு நான் புதுப்பாவாடை கட்டியிருந்தேன். அது உங்களுக்கே தெரியாத சமயம். ஆனால் தை முடிந்து, மாசி முடிந்து, பங்குனியும் முடியப் போகிறது. நான் சிரித்திருக்கிறேன். பள்ளிக்கூட நாடகத்தில் ஆடியிருக்கிறேன். அந்தச் சம்பல்.

வீடு வரைக்கும் ஓடினேன். வாசலில் நின்றுகொண்டு நான் கத்தியது எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லைன் வீடு அத்தனைக்கும் கேட்டது. பெண்கள் வெளியே வந்து நின்றார்கள். செல்லம் உங்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நாலு வயசு. என் தாய் செத்ததை ஒளித்துவைக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டேன். என் அம்மாவின் படையலை எனக்கே பரிமாறி வேடிக்கை பார்த்தீர்களா என்று கேட்டேன். அதற்கு மேலும் சொன்னேன். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. உங்களுக்குத் தெரியும்.

பெரியப்பா என் பக்கத்தில் வந்து, "அம்மிணி, அது என்னன்னா" என்று ஆரம்பித்தார். நீங்கள் அவரைப் பார்த்து, "நீங்க சும்மா இருங்க" என்றீர்கள். நாலு வருஷத்தில் அவரிடம் நீங்கள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. திமிர் என்று நினைத்தேன். செய்த தப்பை ஒத்துக்கொள்ள மனசில்லாத திமிர். பிறகு என்னைப் பார்த்து, "நாந்தான் கண்ணு சொல்ல வேண்டாம்னேன்" என்றீர்கள். அவ்வளவுதான்.

அந்த வாரமே சேலத்துக்குப் போய்விட்டேன். பரீட்சையில் தேறினேன். பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம், அங்கேயே வேலையில் இரண்டு வருஷம். விடுதித் தாழ்வாரத்தில் நின்றால் மழை விட்ட நாளில் நம் மலை முழுக்கத் தெரியும். நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு துணி உலர்த்துவேன். பெரியப்பா மாசம் ஒருதரம் வருவார். ஒருதரம் நீங்களே வந்தீர்கள். ஆரஞ்சுப் பழக் காலம். விடுதித் தாயார் வந்து, ஏற்காட்டிலிருந்து உன் பெரியம்மா வந்திருக்கிறார் என்றார். எனக்குத் தலைவலி, படுத்திருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பழக்கூடையை வாசலில் வைத்துவிட்டு வெகுநேரம் நின்றீர்கள். பிறகு விடுதித் தாயாரிடம் என்னவோ சொல்லிவிட்டுப் போனீர்கள். என்ன சொன்னீர்கள் என்று அவர் மேலே வந்து சொன்னார். தலைவலிக்குச் சுக்கு அரைத்துப் பற்றுப் போடச் சொன்னீர்களாம்.

யுத்தம் முடிந்து, அப்பா உயிரோடு இருக்கிறார் என்று கடிதம் வந்து, கப்பலில் இடம் கிடைத்தபோது, பெரியப்பா சேலம் ஸ்டேஷனுக்கு வந்தார். பெரியம்மாவும் வரட்டுமா என்று முன்னாலேயே கேட்டு எழுதியிருந்தார். நான் அந்த வரிக்குப் பதில் எழுதவில்லை. பதில் எழுதாததே பதில் என்று நீங்கள் புரிந்துகொண்டீர்கள்.

அப்பாவைத் துறைமுகத்தில் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை பெரியம்மா. பாதி ஆளாக இருந்தார். அவர்கூட இருந்தவர்களில் எத்தனையோ பேரை ஜப்பான்காரன் ரயில்பாதை போட சயாமுக்குக் கொண்டுபோனான், திரும்பி வரவில்லை. மூன்று மாசம் நானும் அப்பாவும் பழையதை எடுக்காமல் இருந்தோம். ஒருநாள் சாயங்காலம் அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் போய்விட்டு வரும் வழியில், உங்களைப் பற்றிச் சொன்னேன். இரண்டு மாசம் மறைத்துவைத்தார்கள் அப்பா, என் தாய்க்கு நான் அழக்கூட விடவில்லை என்றேன்.

அப்பா நின்றுவிட்டார். "அவங்க உனக்குச் சொல்லலியா?" என்றார். எதை என்றேன்.

"மறைக்கச் சொன்னது நான்தான்மா."

கப்பலேறப் போன கணக்கப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவர்தான் சொல்லியனுப்பியிருக்கிறார். பரீட்சை முடிகிற வரைக்கும் என் மகளுக்குத் தெரியக்கூடாது, இந்த வருஷம் போனால் அவள் படிப்பு போய்விடும், அவள் அம்மா ஆசைப்பட்டது அது ஒன்றுதான், என் தங்கச்சியாக நினைத்துக் கேட்கிறேன் என்று பாவாயியிடம் சொல்லுங்கள் என்று. நீங்கள் அப்போதே எனக்கு அதைச் சொல்லியிருப்பீர்கள் என்றுதான் அப்பா இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். நான் கோபமாக இருப்பேனோ என்று பயந்து அவரும் அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்திருக்கிறார்.

நான் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, போ, போய் அவங்க கால்ல விழு என்றார். அவரே கப்பல் ஆபீசுக்கு நடையாய் நடந்து எனக்கு இடம் வாங்கினார். வருகிறேன் என்று நான் முன்கூட்டி எழுதவில்லை. இதைக் காகிதத்தில் எழுதிப் பெரியப்பா வாசித்து நீங்கள் கேட்பது சரியில்லை, நேரில் நின்று என் வாயால் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கப்பல் முழுக்க என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நான் வந்துகொண்டிருந்த அதே சமயத்தில் பெரியப்பாவின் கடிதம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

எஸ்டேட் பாதையில் நடந்து வந்தேன். வாசலில் செல்லம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயசுப் பெண் இப்போது. உங்கள் நெற்றி, உங்கள் காது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். யார் என்று கேட்கவில்லை. கையில் சாம்பலோடு நின்றபடி, "அம்மா செத்துப் போயிட்டாங்க. ஐப்பசியில" என்றாள்.

ஒரு நிமிஷம்கூட அவள் மறைக்கவில்லை பெரியம்மா. அப்படிச் சொல்லக் கேட்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் செய்தது சரியா தப்பா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை. அன்றே சொல்லியிருந்தால் நான் பரீட்சை எழுதியிருக்க மாட்டேன், அது நிச்சயம். ஆனால் அம்மாவுக்காக அழவேண்டிய நாளில் அழாதது ஒரு கல்லாக இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது, அதுவும் நிஜம். இரண்டையும் உங்களிடம் சொல்லத்தான் வந்தேன்.

அடைமழையில் காய்ச்சல் வந்து, பதினோரு நாள் படுத்திருந்தீர்கள் என்று பெரியப்பா சொன்னார். மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை என்றார். அப்பா சொன்னதை நான் அவரிடம் சொன்னேன். பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அன்றைக்கு நான் சொல்ல வந்தேன் அம்மிணி, அவதான் விடல என்றார். நான் போன பிறகு அவர் உங்களிடம் சண்டை போட்டாராம், எதுக்கு இந்தப் பழியை நீ சுமக்கறே என்று. நீங்கள் சொன்னதை அவர் அப்படியே சொன்னார். இதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமே வேண்டாம்.

"அந்தப் புள்ளைக்கு இனிமே அப்பன் ஒருத்தருதான். அவரு மேல வெறுப்பு வந்துட்டா அது எங்கீங்க போகும்? எம்மேல கோவப்படட்டும், நான் தாங்கிக்குவேன்."

கணக்கப்பிள்ளை வந்துபோனதற்கு அப்புறம் அப்பா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத காலம் அது. இருந்தால் அவரிடம் நான் மனசு கோணாமல் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தீர்கள். போய்ச் சேர்ந்தேன் பெரியம்மா. அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதேன், ஒரு குறையும் மனசில் இல்லாமல். அதற்கு விலையாக உங்களிடம் போட்ட சண்டையோடு நாலு வருஷம் இருந்தேன், நீங்கள் சாகும் வரைக்கும் அதோடு இருந்தீர்கள்.

இனி, ஊர் ஏன் கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். நான் வந்த மூன்றாம் நாள் ராமாயி அக்கா என்னைப் பார்க்க வந்தார். அதுதான், பழம் பறிக்கிறதில் எல்லாருக்கும் முந்திக் கூடை நிரப்புவாரே, அவர். நான் களி சாப்பிட்டதைக் கேட்டு முறுக்குக் கொண்டுவந்து கொடுத்தவர். என் கன்னத்தைத் தடவிவிட்டு, பச்சைப் புள்ளைகிட்ட தாய் சாவ மறைச்சா அந்தப் பாவம் சும்மா உடுங்களா, அதான் அவளை இவ்வளவு சீக்கிரம் கொண்டுபோயிருச்சு என்றார். என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார். லைன் வீடுகளில் எல்லாருமே அப்படித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. நான் வாசலில் நின்று கத்தியதைக் கேட்டவர்கள் அவர்கள். வேறு எதை நம்புவார்கள்? நீங்கள் தண்ணீர் எடுக்கப் போகும்போதும் பழம் பறிக்கப் போகும்போதும் அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் நாலு வருஷம் போய்வந்திருக்கிறீர்கள்.

ராமாயி அக்கா பேசும்போது செல்லம் கதவோரம் நின்றாள். அவர் போனதும் என்னிடம் வந்தாள்.

"அம்மா பாவம் பண்ணினாங்களாக்கா?"

இல்லை என்றேன். "அப்பறம் நீ ஏன் கத்திட்டுப் போனே?" என்றாள். நாலு வயசில் பார்த்தது அவளுக்கு அப்படியே இருக்கிறது. அப்பா சொன்னது, நீங்கள் சொன்னது எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், இதை ராமாயி அத்தைகிட்டச் சொன்னியா என்றாள். சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் தப்பை நானே சொல்ல வேண்டுமே.

இப்போது எழுதிவிட்டேன். அப்பாவுக்கும் எழுதியிருக்கிறேன், மிச்சக் காலத்துக்கு இங்கே வந்துவிடுங்கள் என்று. பக்கத்து ஊர் வாழவந்தியில் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வேண்டும் என்கிறார்கள், தையிலிருந்து போகப்போகிறேன். செல்லம் கணக்கில் கெட்டி, ஆனால் களி கிண்டத் தெரியவில்லை, கட்டி கட்டியாக இருக்கிறது. பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறார். உங்கள் சேலைகளை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

நாளைக் காலையில் வேலைக்கு வருகிற எல்லாரையும் பெரியப்பா நிற்கவைத்துப் பேர் கூப்பிடும்போது நானும் போவேன். அவர் புத்தகத்தை மூடியதும் இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து அத்தனை பேர் முன்னாலும் வாசிப்பேன். ராமாயி அக்கா முன்வரிசையில் நிற்பார். தலைவலி என்று பொய் சொன்னதை வாசிக்கும்போது குரலைத் தாழ்த்தமாட்டேன். அன்றைக்குக் கத்திய அதே சத்தத்தில் வாசிப்பேன். செல்லம் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வாசித்து முடித்த பிறகு யார் என்ன கேட்டாலும் பதில் சொல்வேன். இந்த மலையில் உங்களைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை பேச ஒரு ஆள் மிச்சமிருக்கிற வரைக்கும், திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருப்பேன். இது சத்தியம்.

உங்கள் மூத்த மகள்,
செல்லத்தின் அக்கா,
சரோஜா